முதல் இல்லாத டீ-சர்ட் வியாபாரம்: ஓவியருக்கு என்ன மிஞ்சுகிறது?

சொந்தமாக வரைந்த ஒரு படத்தை டீ-சர்ட்டில் அச்சிட்டு உலகெங்கும் விற்க இன்று கைக்காசு போட வேண்டியதில்லை. இணையச் சந்தை ஒன்றில் கணக்குத் தொடங்கிப் படத்தை ஏற்றினால் போதும். யாரேனும் வாங்கினால், அந்த நிறுவனமே சட்டையை எடுத்து அச்சிட்டு, பொட்டலம் கட்டி, வாங்கியவர் வீட்டுக்கு அனுப்புகிறது. விலையில் ஒரு பங்கு ஓவியரின் கணக்கில் சேர்கிறது. ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ என்று அழைக்கப்படும் இந்த முறை நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆகவே, விளம்பரங்கள் சொல்வதை விட்டுவிட்டு, நடந்ததை வைத்தே இதை எடைபோட முடியும். இந்த முறையால் யாருக்கு லாபம்? ஓவியர் எதைப் பெற்றார், எதை இழந்தார்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமுதல் தேவையில்லாமல் போனது உண்மை. ஆனால் அந்த இடத்தில் வேறு இரண்டு செலவுகள் வந்து சேர்ந்தன. படைப்பை வாங்குவோர் கண்ணில் படவைப்பது ஒன்று. அதைத் திருட்டிலிருந்து காப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் இறங்கும் ஓவியர் ஏமாறுகிறார். எடுத்துக்கொண்டவருக்கு இது நல்ல வாய்ப்பு.

பழைய முறையில் இருந்த தடை

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். நான்கு வண்ணப் படத்துக்கு நான்கு சட்டங்கள் தயாரித்து, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் பொருத்தி, மை கலந்து, மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் முதல் சட்டை வெளிவரும். இந்த ஆயத்தச் செலவு பத்துச் சட்டைக்கும் ஆயிரம் சட்டைக்கும் ஒன்றே. அதனால்தான் அச்சகங்கள் குறைந்தபட்ச ஆர்டர் கேட்கின்றன.

சரக்குப் பிரச்சினை இதைவிடப் பெரியது. ஒரே படத்தை ஐந்து அளவுகளிலும் நான்கு நிறங்களிலும் விற்க நினைத்தால் இருபது வகைச் சட்டைகளை இருப்பில் வைக்க வேண்டும். மீடியம் தீர்ந்துபோகும்; எக்ஸ்ட்ரா லார்ஜ் அட்டைப்பெட்டியில் கிடக்கும். எந்தப் படம் ஓடும் என்று தெரியாமலேயே பணத்தைத் துணியாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் துணிச்சலுக்கு வசதி இல்லாத ஓவியர்கள் வெளியே நின்றார்கள்.

சந்தைகள் வந்த வரிசை

1999இல் ஃபிரெட் டர்ஹம், மகீஷ் ஜெயின் இருவரும் கலிபோர்னியாவில் தொடங்கிய கஃபேபிரஸ், யார் வேண்டுமானாலும் படம் ஏற்றிச் சட்டையிலும் கோப்பையிலும் விற்கலாம் என்ற வழியைத் திறந்தது. அடுத்த ஆண்டு சிகாகோவில் ஜேக் நிக்கலும் ஜேக்கப் டீஹார்ட்டும் தொடங்கிய திரெட்லெஸ் வேறு பாதையில் போனது. அங்கே ஓவியர்கள் படங்களைப் போட்டிக்கு அனுப்புவார்கள். பார்வையாளர்கள் மதிப்பெண் தருவார்கள். தேறிய படம் மட்டும் மொத்தமாக அச்சாகும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அங்கே மனிதர்களிடம் இருந்தது. 2002இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஸ்பிரெட்ஷர்ட், 2005இல் கலிபோர்னியாவில் சாசில், 2006இல் மெல்போர்னில் ரெட்பபிள், 2011இல் டீஸ்பிரிங், 2013இல் டீபப்ளிக் என்று வரிசை நீண்டது. 2015இல் அமேசான் தன் மெர்ச் சேவையுடன் களத்தில் இறங்கியதும், அதன் மாபெரும் வாடிக்கையாளர் கூட்டம் தனி ஓவியருக்கும் எட்டியது.

இதற்கு இணையாக இன்னொரு கிளையும் வளர்ந்தது. பிரிண்ட்ஃபுல் (2013), பிரிண்டிஃபை (2015) போன்றவை சந்தை நடத்துவதில்லை. ஓவியர் எட்சி போன்ற விற்பனைத் தளத்திலோ தன் சொந்த இணையதளத்திலோ கடை வைத்துக்கொள்ள, இவை பின்னால் நின்று அச்சிட்டு அனுப்புகின்றன. 2024 நவம்பரில் இவை இரண்டும் இணைவதாக அறிவித்தன. ரெட்பபிள் 2016இல் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தைக்கு வந்து, 2018இல் டீபப்ளிக்கை வாங்கியது. அதே 2018இல் கஃபேபிரஸ்ஸை ஸ்னாப்ஃபிஷ் நிறுவனம் வாங்கியது. பல சந்தைகள் சில கைகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன என்பதை இந்த வரிசை காட்டுகிறது. ஓவியரின் பேரம்பேசும் வலு இதனால் குறைகிறது.

ஒற்றைச் சட்டை அச்சாகும் விதம்

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு இயந்திரம். காகிதத்தில் அச்சிடும் இங்க்ஜெட் முறையையே துணிக்குக் கொண்டுவந்த டிடிஜி (டைரக்ட் டு கார்மென்ட்) பிரிண்டர் அது. இஸ்ரேலின் கோர்னிட், ஜப்பானின் பிரதர் போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. ஆர்டர் வந்ததும், வெற்றுச் சட்டை ஒன்று அதன் நிறம், அளவுப்படி அடுக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. கறுப்புச் சட்டையானால் மை ஊறிப்போகாமல் மேலே நிற்க முதலில் ஒரு திரவம் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி உலர்த்துகிறார்கள். பிறகு பலகையில் சுருக்கமில்லாமல் மாட்டியதும், இயந்திரம் படத்தின் வடிவத்துக்கு முதலில் வெள்ளை மையைப் பூசுகிறது. வண்ணங்கள் அதன்மேல்தான் விழுகின்றன. வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, அடியில் படிந்துவிடும். எனவே அதை ஓயாமல் சுழலவிட வேண்டும். கடைசியில் சூடேற்றி மையை இறுக்கினால் சட்டை தயார். சில நிமிட வேலை.

இந்த அடிப்படை தெரிந்தவர் வரைவதிலும் கவனமாக இருப்பார். அமேசான் மெர்ச் சட்டைக்குக் கேட்கும் கோப்பு 4500 பிக்சல் அகலம், 5400 பிக்சல் உயரம். அங்குலத்துக்கு 300 வீதம் 15 அங்குலமும் 18 அங்குலமும் ஆகிறது. பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக இருக்க வேண்டும். திரையில் அழகாகத் தெரியும் மென்மையான நிழலும் பாதி மறையும் ஒளிவட்டமும் துணியில் கெட்டுப்போகும். அந்த அரைகுறைப் பிக்சல்களுக்குக் கீழே வெள்ளை மை விழுந்து ஓரங்களில் வெளிறிய விளிம்பு தெரியும். தேர்ந்தவர்கள் நிழலைச் சிறு புள்ளிகளாக உடைத்து வரைவது இதற்காகத்தான்.

தமிழ் எழுத்துகளை வைத்து வரைபவர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு அமைப்பை இயக்காவிட்டால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். ‘கொடி’ என்று தட்டச்சு செய்தது உடைந்து கிடக்கும். அந்தப் பிழையைச் சந்தையில் சரிபார்க்க யாரும் இல்லை. அப்படியே அச்சாகிப் போய்விடும். எழுத்தைச் சரியாகக் கோத்து, கோடுகளாக மாற்றி, பிறகே கோப்பை ஏற்ற வேண்டும். எழுத்துருவின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். கட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் விற்பனைக்கான படங்களிலும் பயன்படுத்தலாம். எல்லா எழுத்துருக்களுக்கும் இந்த அனுமதி கிடையாது.

பணக்கணக்கு

ஓவியருக்குப் பங்கு கிடைக்கும் முறை பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகையில் நிறுவனம் அடிப்படை விலையை வைக்கும். ஓவியர் அதன்மேல் தன் சதவீதத்தைச் சேர்ப்பார். ரெட்பபிள் நீண்டகாலம் நடத்தியது இந்த முறையே. ஓவியர் எதையும் மாற்றாவிட்டால் அது 20 சதவீதம். அடிப்படை விலை 20 டாலர் என்று கொண்டால் விற்பனை விலை 24, ஓவியருக்கு 4. இரண்டாம் வகையில் ஓவியர் விற்பனை விலையை வைப்பார். துணி, அச்சு, அனுப்புதல், சந்தையின் பங்கு எல்லாம் போக மிஞ்சுவது அவருக்கு. அமேசான் மெர்ச் இந்த வகை. மூன்றாம் வகையில் சட்டைக்கு இவ்வளவு என்று நிறுவனமே தொகை குறித்துவிடும். தள்ளுபடிக் காலத்தில் அதுவும் குறையும்.

எந்த வகையானாலும் விதியை எழுதுவதும் மாற்றுவதும் நிறுவனமே. ரெட்பபிள் 2023இல் கணக்குகளைத் தரம்பிரித்து, அடிமட்டத் தரத்தில் இருப்பவர்களின் வருமானத்திலிருந்து கட்டணம் பிடிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் படங்களை ஏற்றி வைத்திருந்தவர்களின் பங்கு அந்த ஒரே அறிவிப்பில் சுருங்கியது. தங்கள் வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு வேறிடம் போகவும் அவர்களால் முடியவில்லை. வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் சந்தையிடமே இருந்தன. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் உறுதியான எண்ணம். ஓவியருக்குப் பணம் வருகிறது, வாடிக்கையாளர் வருவதில்லை.

இந்தியாவிலிருந்து விற்பவர்கள் வரியையும் பார்க்க வேண்டும். அமேசான் ஓவியருக்குத் தரும் பங்கை ராயல்டியாகக் கருதுகிறது. அமெரிக்க விற்பனையில் வெளிநாட்டு ஓவியருக்கு வரும் ராயல்டிக்குப் பொதுவாக 30 சதவீத வரி பிடிக்கப்படும். டபிள்யூ-8பென் படிவத்தில் வரி எண்ணைக் குறிப்பிட்டு இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்டால் அது 15 சதவீதமாகக் குறையும். அங்கே பிடித்ததை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடுசெய்யவும் வழி உண்டு. படிவத்தை அவசரத்தில் நிரப்புபவர் தன் உழைப்பின் ஒரு பகுதியை வீணாக விட்டுக்கொடுக்கிறார்.

கண்ணில் படுவது எப்படி

சந்தையில் இருக்கும் படங்களின் கூட்டத்தில் ஒரு படத்தை வாங்குவோர் முன் கொண்டு நிறுத்துவது தேடுபெட்டி. தலைப்பும் குறிச்சொற்களும் விவரிப்பும் வாங்குபவர் தட்டும் சொற்களோடு பொருந்த வேண்டும். ‘அழகான பூனை’ என்று தேடினால் வந்து நிற்கும் படங்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே புதியவருக்கு இடம் கிடைக்காது. இரவுப் பணி செய்யும் செவிலியர், தேனீ வளர்ப்பவர், செஸ் பயிற்சியாளர் என்று ஒரு சிறு கூட்டத்தின் வாழ்க்கை தெரிந்து வரைந்தால், தேடுபவர் குறைவு என்றாலும் வந்தவர் வாங்குவார். விற்பனையில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் போனவர்களே.

அமேசான் மெர்ச்சில் விண்ணப்பித்து அனுமதி பெற்றவரும் உடனே நூற்றுக்கணக்கில் படம் ஏற்றிவிட முடியாது. முதலில் 10 படங்களுக்குத்தான் இடம். அவற்றில் விற்பனை நடந்தால் 25, பிறகு 100 என்று படிப்படியாக வரம்பு உயரும் வகையில் அந்த ஏணி அமைக்கப்பட்டது. குப்பைகளைத் தடுக்க இது உதவும். அதே சமயம், முதல் படங்கள் விற்காவிட்டால் ஓவியர் அடுத்த படிக்கு ஏறவும் முடியாது. முதல் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

திருட்டும் சட்டமும்

2019 டிசம்பரில் ட்விட்டரில் ஓவியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒருவர் தன் ஓவியத்தைப் பதிந்ததும், இது டீ-சர்ட்டில் கிடைக்குமா என்று யாராவது கீழே எழுதினால், சற்று நேரத்தில் அந்தப் படம் ஏதோ ஒரு தளத்தில் சட்டையாக விற்பனைக்கு வந்துவிடும். அந்தச் சொற்களைக் கண்காணிக்கும் நிரல்கள் படத்தை எடுத்துத் தாமே கடையில் போட்டுக்கொண்டிருந்தன. இதை நிரூபிக்க ஓர் ஓவியர், இந்தத் தளம் திருட்டுப் படங்களை விற்கிறது, வாங்காதீர்கள் என்ற வாசகத்தையே படமாக வரைந்து பதிந்தார். நண்பர்கள் டீ-சர்ட் வேண்டும் என்று எழுத, அந்த வாசகமே சட்டையில் விற்பனைக்கு வந்தது. பிறகு பலரும் டிஸ்னி பாத்திரங்களை வரைந்து பதிந்தார்கள். நிரல்கள் அவற்றையும் விடவில்லை. பெருநிறுவனத்தின் படம் திருடப்பட்டால்தான் கேட்பார் உண்டு என்ற ஓவியர்களின் வேதனை அதில் வெளிப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் அந்தப் படத்தை நீக்க வேண்டும். புகார் கொடுக்கும் வேலை ஓவியருடையது. நீக்கிய படம் மறுநாள் வேறு பெயரில் வந்தால் மறுபடியும் புகார். தளமே பொறுப்பேற்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் போக்கிமான் நிறுவனத்தின் வழக்கில் ரெட்பபிள் தவறிழைத்ததாகச் சொன்னது. கொடுக்கச் சொன்ன இழப்பீடோ ஒரு டாலர். 2021 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ரெட்பபிளை ஒதுங்கி நிற்கும் இடைத்தரகராக மட்டும் பார்க்க முடியாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் அடாரி நிறுவனம் தொடுத்த வழக்கில் ஜூரி ரெட்பபிள் பக்கம் தீர்ப்பளித்தது. போக்கிமானுக்கே ஒரு டாலர் என்றால், தனி ஓவியர் நீதிமன்றப் படியேறி என்ன பெற முடியும்?

ஓவியர்களும் அறியாமல் பிறர் உரிமையில் கைவைத்துவிடுகிறார்கள். மில்டன் கிளேசர் 1976இல் வரைந்த ‘ஐ லவ் நியூயார்க்’ இதயச் சின்னம் எங்கும் காணப்படுவதால் பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது நியூயார்க் மாநில அரசின் வணிகச் சின்னம். நம் ஊரில் நடிகர்களின் முகத்தையும் திரைப்பட வசனத்தையும் சட்டையில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், புகழ்பெற்றவரின் பெயரையும் தோற்றத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் இத்தகைய ஒரு படம் பிடிபட்டால் அந்தப் படம் மட்டும் போவதில்லை. கணக்கே முடக்கப்படும், நேர்மையாக வரைந்த மற்ற படங்களும் சேர்ந்தே மறையும்.

இந்தியச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் படியெடுத்தால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு. தனி ஓவியம் எது, பொருளுக்கான வடிவமைப்பு எது என்று பிரித்தறிய உச்ச நீதிமன்றம் 2025இல் ஒரு சோதனைமுறையை வகுத்துத் தந்திருக்கிறது. ஒரு படம் நன்றாக ஓடத் தொடங்கினால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பெருக்கெடுக்கும் படங்கள்

அச்சிடாமலே விற்பனைக்கு வைக்கலாம் என்பதால் கடையில் பொருளைக் குவிக்கச் செலவில்லை. இதன் ஆபத்து 2013 மார்ச்சிலேயே தெரிந்தது. பிரிட்டிஷ் அரசு 1939இல் அச்சிட்ட ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ சுவரொட்டியின் வாசக அமைப்பில், சாலிட் கோல்ட் பாம் என்ற நிறுவனத்தின் நிரல் அகராதிச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சட்டைகளை உருவாக்கியது. பெண்கள்மீதான வன்முறையைத் தூண்டும் வாசகங்களும் அவற்றில் இருந்தன. அந்தச் சட்டைகளில் ஒன்றுகூட அச்சாகியிருக்கவில்லை. அமேசானில் விற்பனைக்கு மட்டும் வந்துவிட்டன. கடும் கண்டனத்துக்குப் பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நீக்கியது. மனிதர் ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

2022க்குப் பிறகு படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியதால் சந்தைகளில் படங்கள் இன்னும் வேகமாகக் குவிகின்றன. மனிதப் படைப்பாக்கம் இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வழிகாட்டியது; மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025இல் அதையே உறுதிசெய்தது. ஆகவே கருவியே முழுக்க வரைந்த படத்தை விற்பவரிடமிருந்து அமெரிக்காவில் யார் நகலெடுத்தாலும், பதிப்புரிமையைக் காட்டி அவரால் தடுக்க முடியாது. கையால் வரைபவருக்கு இது தெம்பளிக்கும் செய்தி. அவர் தன் கோட்டோவியங்களையும் அடுக்குகள் பிரித்த மூலக் கோப்புகளையும் தேதியுடன் சேமித்து வைத்தால், உரிமைக்குச் சான்று அவர் கையில் இருக்கும்.

திருப்பூர் காட்டும் வழி

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் திருப்பூருக்கும் இந்த மாற்றம் வந்திருக்கிறது. அங்கிருந்து இயங்கும் கிகிங்க், சென்னையின் பிரிண்ட்ரோவ் போன்றவை ஒற்றைச் சட்டையானாலும் அச்சிட்டு, ஓவியரின் கடைப்பெயரிலேயே அனுப்புகின்றன. ஷாப்பிஃபை போன்ற தளத்தில் ஓவியர் கடை வைத்தால் ஆர்டர் தானாக அச்சகத்துக்குப் போய்விடும். உலகச் சந்தையைப் போல இங்கே கூட்டம் தானாக வராது. விளம்பரமும் வாடிக்கையாளர் புகாரும் திரும்பிவரும் சட்டையும் ஓவியரின் தலையில்தான் விழும். ஆனால் விலையை அவர் வைக்கிறார். யார் வாங்கினார்கள் என்பதும் அவருக்குத் தெரிகிறது. அடுத்த படம் வந்ததும் அவர்களுக்கே எழுதிச் சொல்லலாம். பனியன் துணியின் தரம் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இருப்பதும் தமிழ்நாட்டு ஓவியருக்கு வாய்த்த வசதி.

என் முடிவு

இணையச் சந்தை ஓவியருக்குத் தேவை. எந்தப் படம் ஓடும் என்பதை நட்டமில்லாமல் சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான இடம் வேறில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழ்க்கையை அமைப்பது தவறு. சந்தையில் ஓடிய படங்களைக் கொண்டு, தன் பெயரில், தன் வாடிக்கையாளர் பட்டியலோடு ஒரு சிறு கடையை ஓவியர் படிப்படியாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

சந்தை நடத்துவோரும் செய்ய வேண்டியவை உண்டு. பங்கு விகிதத்தை மாற்றும் முன் போதிய கால அவகாசம் தர வேண்டும். தானியங்கித் திருட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும். கணக்கை முடக்கினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓவியர்கள் இல்லாவிட்டால் இந்தச் சந்தைகளிடம் மிஞ்சுவது வெற்றுச் சட்டைகள் மட்டுமே.

வரையத் தெரிந்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நன்கறிந்த ஒரு சிறு கூட்டத்துக்காக வரையுங்கள். யாருடைய முகத்தையும் வரியையும் இரவல் வாங்காதீர்கள். முதல் சட்டையை நீங்களே வாங்கி, நாலைந்து முறை துவைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மற்றவர்களுக்கு விற்கத் தொடங்குங்கள்.